வீட்டில் அரிசி இல்லை

குழந்தைகள் வார்டில் எந்தக் கட்டிலருகே நின்று கேட்டாலும் கதை ஒரே மாதிரிதான் தொடங்கும். "ஒரு நிமிஷம்தான் சார்." ஒரு நிமிஷம்தான் திரும்பினேன், ஒரு நிமிஷம்தான் போனை எடுத்தேன், ஒரு நிமிஷம்தான் துணி காயப்போட வெளியே வந்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் பிள்ளை கொய்யா மரத்தில் ஏறியிருக்கும், சார்ஜர் வயரைப் பிடித்து இழுத்ததில் பக்கத்திலிருந்த டீ பாத்திரம் தலையில் கவிழ்ந்திருக்கும், கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கூர்முனையில் போய் விழுந்திருக்கும். அநேகமாக எல்லாமே காலை நேரத்தில் நடந்தவை. அம்மா கொழுந்தெடுக்கக் கிளம்பும் நேரத்துக்கும் பள்ளிக்கூட ஜீப் வரும் நேரத்துக்கும் நடுவில் எங்கள் மலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கடவுள்கூடக் கிடையாது.

நானும் "ஒரு நிமிஷம்தான்" என்றுதான் சொன்னேன். மற்றவர்கள் சொன்னதை நம்பினார்கள். என்னை நம்பவில்லை.

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கொழுந்து உலர்த்தும் இயந்திரத்துக்கு விறகு தள்ளுவேன். இருப்பது லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை அப்படித்தான் சொல்வோம். முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு சமையலறை, தீர்ந்தது வீடு. மனைவி கொல்லங்கோட்டுக்காரி. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தபோது பழக்கம். இப்போது அவள் குவைத்தில் யாரோ ஒருவர் வீட்டில் சமைக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் அவள் கைக்கு வரும். மற்ற நாளெல்லாம் நானும் மகளும். இது நடந்தபோது மகளுக்கு ஐந்து வயது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். மறைக்க ஒன்றுமில்லை, லயத்துக்கே தெரியும். மனைவியோடு சண்டை போட்டு ஒரு தடவை போனைச் சுவரில் அடித்து உடைத்திருக்கிறேன். பிள்ளை மேல் கை வைத்தது கிடையாது. ஆனால் குரல் உயர்ந்தால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள்.

எங்கள் ஊரில் யானை அரிசிக்கு வரும். வாழையும் பலாவும் அதற்குப் பழைய கதை. ரேஷன் அரிசியில் ருசி கண்டுவிட்டது. இது நடப்பதற்கு முந்தின மழையில் எங்கள் லயத்தின் பின்பக்கமாக வந்து, சமையலறைச் சுவர்களை வரிசையாகத் தள்ளி, மூட்டையை இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டுப் போனது. சுவர் இருந்த இடத்தில் தகரத்தையும் தார்ப்பாயையும் கட்டினோம். அந்தச் சமையலறையில் நின்று சோறாக்க எவருக்குத் தைரியம் வரும்? ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு முன்னறைக்கு வந்துவிட்டது. மேடை இல்லாததால் தரையில்தான் வைத்தோம். அரிசி மூட்டை கட்டிலுக்கு அடியில் போனது. மூட்டை நுழையவேண்டும் என்று கட்டில் கால்களுக்குச் சிமெண்டுக் கல் கொடுத்து உயர்த்தினோம். பெரியவர்களுக்கு அது பெரிய உயரமில்லை. என் மகளுக்கு அது மதில்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் லயத்தில் யாரும் வீட்டில் அரிசி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டோம். மூட்டை நிறைய இருந்தாலும் "அரிசி இல்லை" என்போம். அரிசி என்று சொன்னால் யானையின் காதில் விழும், அன்றைக்கே வரும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். கடைக்குப் போய்த் திரும்பும்போது யாராவது, "என்ன வாங்கிட்டு வாரீக?" என்று கேட்டால், "சும்மா, சோப்பு" என்போம், தோளில் பத்துக் கிலோ பையோடு. பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். யார் கேட்டாலும், என்ன கேட்டாலும், கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. என் மகள் சாமி பாட்டு மறந்தாலும் இதை மறக்கமாட்டாள்.

அன்றைக்குக் காலையில் நல்ல குளிர். அவளைக் குளிப்பாட்ட அலுமினியப் பானையில் வெந்நீர் வைத்தேன். கொதி வந்ததும் இறக்கி, இடமில்லாததால் கட்டிலை ஒட்டித் தரையில் வைத்துவிட்டு, விளாவப் பச்சைத்தண்ணீர் பிடிக்க வாளியோடு குழாயடிக்குப் போனேன். அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். வாளி பாதி நிறைவதற்குள் கத்தல் கேட்டது.

உயரமான கட்டிலிலிருந்து சின்னப் பிள்ளைகள் எப்படி இறங்கும் தெரியுமா? குப்புறத் திரும்பி, வயிற்றைக் கட்டில் விளிம்பில் வைத்து, இரண்டு காலையும் சேர்த்துக் கீழே விடும். பார்க்காது. தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியும். அவளும் அப்படித்தான் இறங்கினாள். தரை இருந்த இடத்தில் பானை இருந்தது. வாய் குறுகின, ஆழமான பானை. நான் ஓடி வந்தபோது இடுப்பு கட்டிலில், கால்கள் பானைக்குள், மேலே ஏறவும் தெரியாமல் வெளியே எடுக்கவும் தெரியாமல் மெத்தையைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். தூக்கினேன். அதற்கு மேல் அதை எழுத எனக்குத் திராணியில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து போட்டு ஜீப்பில் ஏற்றிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே குழந்தைகள் வார்டில் துணைக்கு இருப்பவர்களைக் கூட்டிருப்பு என்பார்கள். கூட்டிருப்பு என்றால் பெண்கள்தான். பாய், பிளாஸ்க், கஞ்சிப் பாத்திரத்தோடு கட்டிலுக்குக் கட்டில் ஓர் அம்மா. நடுவில் நான் ஒருத்தன் லுங்கியும் ஸ்வெட்டருமாக. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் அம்மாக்கள் இருக்கிற இடம் என்பதால் பொழுது சாய்ந்ததும் ஆண்கள் வெளியே போய்விட வேண்டும். சரியான ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. அதுதான் என் வீடாயிற்று. பக்கத்துக் கட்டிலில் கையொடிந்த பையனுக்குத் துணையாக வந்திருந்த அம்மா, "நீங்க போங்க அண்ணாச்சி, பாப்பாவ நான் பாத்துக்கிடுதேன்" என்றார். தன் பிள்ளைக்குக் கஞ்சி வாங்கும்போது என் பிள்ளைக்கும் சேர்த்து வாங்கினார். அந்த ஒரு வார்த்தை போதும் மனுஷனுக்கு.

கட்டு மாற்றுவதுதான் நரகம். அவளை மட்டும் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார்கள். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். உள்ளேயிருந்து, "அப்பா, இருக்கியாப்பா?" என்பாள். "இருக்கேன் தாயி" என்பேன். கொஞ்ச நேரம் அழுகை. திரும்பவும், "இருக்கியாப்பா?" "இங்கதான் இருக்கேன்." அவளுக்கு வேறு மருந்து தேவைப்படவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய டாக்டர் ஒருநாள் கட்டைப் பிரிக்கச் சொல்லி நின்று பார்த்தார். இரண்டு கணுக்காலுக்கும் மேலே, காலுறை போட்ட மாதிரி ஒரே அளவில் ஒரு கோடு. அதற்கு மேல் ஒரு துளி தெறிக்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது.

"எந்தா உண்டாயது?" என்று என்னைக் கேட்டார். என்ன நடந்தது என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. வெந்நீரில் தவறி விழுந்த பிள்ளை துள்ளும், தண்ணீர் அங்கங்கே தெறிக்கும், ஒரு கால் அதிகமாகவும் ஒரு கால் குறைவாகவும் வேகும். இப்படிச் சமமாகக் கோடு விழுந்தால் யாரோ பிடித்து வைத்திருந்தார்கள் என்று அர்த்தம், என்றார். அமைதியாகத்தான் சொன்னார். பிறகு மகளிடம் குனிந்து, கொச்சைத் தமிழில், "மோளே, வீட்டில கட்டில் எதுக்கு அவ்வளவு ஒயரம்? அடியில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்றாள்.

என்னிடம் திரும்பினார். நானும் பழக்கதோஷத்தில், யோசிக்காமல், "ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், ஒரு பிள்ளை அப்பன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொய் சொல்வதை.

"கள்ளம் பறயருது" என்றார் டாக்டர். பொய் சொல்லாதே என்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "யாருய்யா பொய் சொல்றது? எம்பிள்ளைய நானே வேக வைப்பனா? நீ டாக்டரா, போலீசா?" என்று வார்டே அதிரக் கத்தினேன். பக்கத்துக் கட்டில் பையன் பயந்து அழுதான். என் மகள் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு கத்தலே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும்.

சட்டப்படி குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்றார்கள். வீட்டை வந்து பார்ப்பார்கள், முடிவாகும் வரைக்கும் நான் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, தப்பு என் மேல் என்று தெரிந்தால் பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள். கட்டு மாற்றும் அறைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றார்கள். மறுநாள் காலை படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "அப்பா, இருக்கியாப்பா?" பதில் சொன்னால் விதியை மீறினான் என்பார்கள். சொல்லவில்லை. திரும்பக் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு வெறுமனே அழுதாள். நான் ஸ்வெட்டர் கையை வாயில் திணித்துக்கொண்டேன்.

கஞ்சி வாங்கித் தந்த அம்மா அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. என் மகளுக்கு வாங்குவதை நிறுத்தவில்லை, அதற்கு அவருக்குப் புண்ணியம். ஆனால் என்னைக் கண்டால் தன் பையனின் போர்வையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொள்வார். அவரைக் கோபிக்க முடியுமா? அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் தூரமாகக் கட்டிலை நகர்த்தியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மனைவியிடம், பிள்ளைக்குக் காய்ச்சல், தூங்குகிறாள் என்று சமாளித்திருந்தேன். இனிமேல் முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் பக்கம் ஒரு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள்.

"ஏனுங்க" என்றாள். "கேக்குறனேன்னு கோவிச்சுக்காதீங்க. கோவத்துல நீங்க ஏதாச்சும் பண்ணிப்போட்டீங்களா?"

டாக்டர் கேட்டபோது கத்தினேன். இவளிடம் கத்த வரவில்லை. "நீயுமா கேக்குற?" என்றேன்.

"நான் கேக்காம வேற யாருங்க கேப்பா? நான் அங்க இல்லீங்களே" என்றாள். இப்போது அழுதாள். "என்ற கண்ணால பாத்திருந்தா கேப்பனுங்களா? ஊடு எப்படி இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. அடுப்ப உள்ள கொண்டாந்து வெச்சதுகூட நீங்க சொல்லலியே."

உண்மைதான். சுவர் இடிந்ததைச் சொன்னால் பயப்படுவாள் என்று சொல்லாமலே விட்டிருந்தேன். அவள் மனதில் இருக்கும் வீட்டில் சமையலறைச் சுவர் நன்றாக நின்றுகொண்டிருந்தது. "சாமி சத்தியமா நான் செய்யல புள்ள" என்றேன். "செரிங்க" என்றாள். அந்தச் "செரிங்க"வில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று பெஞ்சில் படுத்து யோசித்தேன். ஊரே சந்தேகப்படட்டும், போகட்டும். இவள் சந்தேகப்பட்டது நெஞ்சில் முள்ளாக நின்றது. அதைவிட, அவள் கேட்டது நியாயம் என்று எனக்கே தோன்றியது, அதுதான் தாளவில்லை.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து, என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். சின்ன வயது, தேனிப் பக்கத்துத் தமிழ். வழி முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் வந்தார். அடுப்பைப் பார்த்தார். தார்ப்பாயை விலக்கிப் பின்பக்கம் பார்த்தார். அப்புறம் முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லேன்னு சொன்னீங்களாமே. இது என்ன?"

இத்தனைக்குப் பிறகும் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, பாருங்கள். வாசலில் கூடியிருந்த பெண்களும் தலையைத் தொங்கப்போட்டார்கள். "எல்லா வீட்டுலயும் இருக்கு மேடம்" என்றாள் ஒருத்தி, குரலே எழும்பாமல். "சொல்ல மாட்டோம். சொன்னா வந்துரும்." மேடம் அவளைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். அவருக்கு ஏதோ பிடிபட ஆரம்பித்தது.

அதற்குள் பக்கத்து வீட்டு வாண்டு, என் மகளின் கூட்டாளி, வழக்கம்போல மூட்டையில் கால் வைத்துக் கட்டிலில் ஏறிக் குதிக்க ஆரம்பித்திருந்தது. அதன் அம்மா பதறி, "ஏட்டி, எறங்கு! மேடம் நிக்காகல்ல" என்று அதட்டினாள். அது உடனே குப்புறத் திரும்பியது. வயிற்றை விளிம்பில் வைத்தது. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கீழே பார்க்காமல், இரண்டு காலையும் ஒட்டவைத்து நேராக விட்டது. கால் வந்து இறங்கிய இடத்தை மேடம் பார்த்தார். சிமெண்டுத் தரையில் அன்றைக்கு நான் இறக்கிவைத்த பானையின் கரிவட்டம் அழியாமல் இருந்தது. குழந்தையின் இரண்டு பாதமும் அந்த வட்டத்துக்கு நடுவில்.

மேடம் சட்டென்று கையை வாயில் வைத்துக்கொண்டார். "பானை எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். பானையைக் கொண்டுவந்து அந்த வட்டத்திலேயே வைத்தேன். இரண்டு கால் சேர்ந்து நுழையத்தான் அதன் வாயில் இடம், துள்ள இடமில்லை. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் வழியில், "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிள்ளையை என்னோடு அனுப்பினார்கள். பெரிய டாக்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவர் வேலையை அவர் செய்தார். நான் நிஜமாகவே அப்படிப்பட்டவனாக இருந்திருந்தால் அவர் ஒருவர்தான் என் மகளுக்குத் துணை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: அடுப்பு பிள்ளை படுக்கும் அறையில் இருக்கக் கூடாது.

சொல்லிவிட்டார். வேறு எங்கே வைப்பது? உள்ளே வைத்தால் நெருப்பு, பின்னால் வைத்தால் யானை. இருதலைக்கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறேன், ஆனால் அந்த எறும்புக்கு ஒரு மகள் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அடுப்பைப் பின்பக்கம் கொண்டுபோனேன். நடுக்கதவைச் சாத்தி, அவள் பக்கம் தாழ்ப்பாள் போடச் சொன்னேன். விடிந்தும் விடியாமலும் நான் தார்ப்பாய்க்கு முதுகு காட்டி வெந்நீர் வைப்பேன். அவள் கட்டிலில் இருந்தபடி கேட்பாள்.

"இருக்கியாப்பா?"

"இருக்கேன் தாயி."

ஒரு நாள் பனி நன்றாக இறங்கியிருந்தது. பின்னால் தகரம் கரகரவென்று உரசியது. பிறகு ஒரு பெருமூச்சு. அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றேன். யானை பக்கத்தில் இருந்தால் மூச்சுக்கூடக் கேட்கக் கூடாது.

"அப்பா, இருக்கியாப்பா?"

தகரம் திரும்பவும் ஆடியது.

"அப்பா?"

ஆஸ்பத்திரிப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கட்டிலிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. ஆறிவந்த காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். என்னைப் பார்த்து அல்ல, தார்ப்பாய்க்கு அப்பால் இருப்பதைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எங்க வீட்டுல அரிசி இல்ல! ஒண்ணுமே இல்ல! எங்க அப்பா மட்டுந்தான் இருக்கு! விட்டுரு! போயிரு!"

தகரம் நின்றது. தார்ப்பாய் இடுக்கு வழியாக ஒரு தலை உள்ளே வந்தது. பக்கத்து வீட்டுப் பசு. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்திருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதன் நெற்றியைப் பிடித்து வெளியே தள்ளினேன். தள்ளிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, அத்தனை நாளும் அழாததை அழுதேன்.

"போயிருச்சாப்பா?"

"போயிருச்சு தாயி."

பசு என்று அவளிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போன் வந்ததும் பிடுங்கிக்கொண்டு, "அம்மா, ஆனை வந்துச்சும்மா! நான்தாம்மா அப்பாவக் காப்பாத்துனேன்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பிறகு என் மனைவி அவளிடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அப்பனைப் பாத்துக்க சாமி. நான் வர்ற வரைக்கும் உட்ராத."